காய்ச்சல் விட்டது, காது வலி வந்தது

சளிக்காய்ச்சல் விட்டதும் பிள்ளை காதைப் பிடித்துக்கொண்டு அழுகிறதா? ரந்தாவ், பகாவ் பக்கத் தோட்ட வீடுகளில் சில பாட்டிமார் உடனே எண்ணெயில் பூண்டைக் காய்ச்சுவார்கள். பாசம் சரி, காதுக்குள் எண்ணெய் வேண்டாங்க! செவிப்பறை கிழிந்திருந்தால் வம்பு.

2025 அக்டோபரில் இன்புளுவென்சா பரவி நம் நாட்டில் சில பள்ளிகளையே மூடினார்களே, அந்தக் காய்ச்சல்தான் இது. மூக்கின் பின்பக்கத்தையும் நடுக்காதையும் இணைக்கும் குழாய் சிறுபிள்ளைகளுக்குக் குட்டை, சரிவும் குறைவு. சளியில் அது வீங்கி அடைத்தால் உள்ளே நீர் தேங்கும், கிருமி பெருகிச் சீழ் பிடிக்கும்.

பெரியவர்களை சைனஸ் படுத்தும். தணிந்த காய்ச்சல் மறுபடி ஏறினாலோ, முகவலியும் மூக்கடைப்பும் 10 நாள் தாண்டினாலோ டாக்டரைப் பாருங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாட்டிக்கை எடுக்காதீர்கள்.

காதில் சீழ் வடிந்தாலோ, காதுக்குப் பின்னால் வீங்கினாலோ அன்றே கிளம்புங்கள். சம்பள நாள் வரை காத்திருக்க வேண்டாம். அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 வெள்ளிதான்.