சர்வருக்கு காசு கட்டியாச்சு.. அப்புறம் ஆளுக்கு ஒரு லைசென்ஸ் எதுக்கு? 'கேல்' கணக்கு என்ன சொல்கிறது?

விண்டோஸ் சர்வர் 2016-க்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமாகத் தரும் பாதுகாப்பு அப்டேட்கள் 2027 ஜனவரி 12-ஆம் தேதியோடு முடிகின்றன. இன்னமும் அதை ஓட்டிக்கொண்டிருக்கும் நிறுவனங்கள் புதிய பதிப்புக்கு மாறியாக வேண்டிய நிலை. கொட்டேஷன் கைக்கு வந்ததும் முதலாளிகளுக்கு வரும் சந்தேகம் ஒன்றுதான். "மெஷினுக்கு ஒரு விலை, விண்டோஸுக்கு ஒரு விலை, சரி. அதுக்குக் கீழே 'யூசர் கேல் - 40'ன்னு ஒரு வரி இருக்கே, அது என்ன?"

கிளையன்ட் ஆக்சஸ் லைசென்ஸ் என்பதைத்தான் ஐ.டி. ஆட்கள் சுருக்கி 'கேல்' என்கிறார்கள். சர்வர் லைசென்ஸ் என்பது சர்வரை ஓட்டுவதற்கான அனுமதி மட்டுமே. அதை யார் பயன்படுத்துகிறார்களோ, அவர்களுக்குத் தனி அனுமதி வேண்டும். தியேட்டரை வாடகைக்கு எடுத்த பிறகும் உள்ளே வரும் ஒவ்வொருவருக்கும் டிக்கெட் எடுக்கச் சொல்வது மாதிரி. நியாயமா என்று கேட்டால் அது வேறு விவாதம். ஒப்பந்தம் அப்படித்தான் சொல்கிறது.

ஆளுக்கா, மெஷினுக்கா?

கேலில் இரண்டு வகை உண்டு. 'யூசர் கேல்' ஒரு நபருக்கானது. அவர் ஆபீஸ் கம்ப்யூட்டர், லேப்டாப், மொபைல் என எதிலிருந்து நுழைந்தாலும் ஒன்றே போதும். 'டிவைஸ் கேல்' ஒரு சாதனத்துக்கானது. அந்த சாதனத்தில் எத்தனை பேர் உட்கார்ந்தாலும் ஒன்றே போதும்.

மூன்று ஷிஃப்ட் ஓடும் ஒரு தொழிற்சாலையை எடுத்துக்கொள்வோம். 60 பேர் வேலை பார்க்கிறார்கள், ஆனால் இருப்பது 20 கம்ப்யூட்டர்கள்தான். இங்கே 20 டிவைஸ் கேல் வாங்கினால் வேலை முடிந்தது. யூசர் கேல் என்றால் 60 வேண்டும். அதே நிறுவனத்தின் விற்பனைப் பிரிவில் 15 பேர், ஆளுக்கு லேப்டாப், மொபைல், வீட்டுக் கம்ப்யூட்டர் என்று 3 சாதனங்கள். இங்கே கணக்கு தலைகீழ். 15 யூசர் கேலில் முடிவதை டிவைஸ் கணக்கில் வாங்கினால் 45 ஆகிவிடும். இரண்டு வகையையும் கலந்து வாங்கலாம், தடையில்லை.

முன்பு இரண்டுக்கும் ஒரே விலைதான். ஒருவரே நாலு சாதனம் வைத்திருக்கும் காலம் வந்ததும், 2012 டிசம்பரில் யூசர் கேல் விலையை மைக்ரோசாஃப்ட் 15 சதவீதம் உயர்த்தியது. மக்கள் பழக்கம் எந்தப் பக்கம் போகிறதோ, விலையும் அந்தப் பக்கமே போகிறது.

பிரிண்டருக்குமா?

ஆமாம், பலர் கோட்டை விடும் இடம் இது. சர்வரில் ஃபைல் திறப்பது மட்டும்தான் 'பயன்பாடு' என்று நினைக்கிறார்கள். விண்டோஸ் சர்வரிடமிருந்து ஐ.பி. முகவரி வாங்கினாலே அதுவும் பயன்பாடுதான். சர்வரோடு பேசும் நெட்வொர்க் பிரிண்டரும் கணக்கில் வரும். அதைப் பயன்படுத்தும் எல்லோரிடமும் யூசர் கேல் இருந்தால் பிரிண்டருக்குத் தனியாக வாங்க வேண்டாம். டிவைஸ் கேல் மட்டுமே வாங்கிய ஆபீஸில் பிரிண்டரையும் எண்ணியாக வேண்டும்.

நடுவில் ஒரு வெப்சைட்டோ வேறு மென்பொருளோ வைத்து, அது மட்டும் சர்வரைத் தொடும்படி செய்தால் ஒரு கேல் போதாதா? போதாது. அந்தப் பக்கம் நிற்கும் ஆட்களைத்தான் எண்ண வேண்டும் என்பது விதி.

இந்த 'மறைமுகப் பயன்பாடு' எவ்வளவு பெரிய தலைவலி என்பதற்கு பிரிட்டன் வழக்கு ஒன்று சாட்சி. மைக்ரோசாஃப்ட் அல்ல, இது எஸ்.ஏ.பி. நிறுவனம் போட்ட வழக்கு. ஜானி வாக்கர் விஸ்கி தயாரிக்கும் டியாஜியோ, தன் விற்பனைப் பிரதிநிதிகளுக்கும் வாடிக்கையாளர்களுக்கும் சேல்ஸ்ஃபோர்ஸ் தளத்தில் இரண்டு செயலிகளை உருவாக்கியது. அவை பின்னணியில் எஸ்.ஏ.பி. மென்பொருளோடு தகவல் பரிமாறின. முன்பு போனில் ஆர்டர் கொடுத்த வாடிக்கையாளர்கள் இப்போது ஆன்லைனில் கொடுத்தார்கள், அவ்வளவுதான். அவர்களும் எங்கள் பயனர்களே என்று சொல்லி சுமார் 5.4 கோடி பவுண்டு கேட்டது எஸ்.ஏ.பி. 2017 பிப்ரவரியில் இங்கிலாந்து உயர் நீதிமன்றம் கூடுதல் கட்டணம் உண்டு என்று தீர்ப்பளித்தது. தொகை எவ்வளவு என்பதை அந்தத் தீர்ப்பு முடிவு செய்யவில்லை. மென்பொருள் வாங்குபவர்கள் அத்தனை பேரையும் அது கலங்கடித்தது. அடுத்த ஆண்டே, ஆட்களை எண்ணாமல் உருவாகும் ஆவணங்களை எண்ணிக் காசு வாங்கும் முறையை எஸ்.ஏ.பி. கொண்டுவந்தது.

வாங்காவிட்டால் சர்வர் நின்றுவிடுமா?

நிற்காது. அதுதான் சிக்கலே. சாதாரண கேல் என்பது பெரும்பாலும் காகிதத்தில் இருக்கும் உரிமை. 5 கேல் வைத்துக்கொண்டு 80 பேர் நுழைந்தாலும் சர்வர் தடுக்காது. ஆடிட் வரும்போதுதான் தெரியும். மைக்ரோசாஃப்ட்டின் வால்யூம் லைசென்ஸ் ஒப்பந்தங்களில், பற்றாக்குறை 5 சதவீதத்தைத் தொட்டால் ஆடிட் செலவும் வாடிக்கையாளர் தலையில், லைசென்ஸுக்கு விலையில் 125 சதவீதம் கட்ட வேண்டும் என்கிற ஷரத்து உண்டு.

விதிவிலக்கு ரிமோட் டெஸ்க்டாப். டாலியை சர்வரில் போட்டு, கிளைகளில் இருப்பவர்கள் ரிமோட்டில் நுழைந்து பில் போடும் ஏற்பாடு நம்மூரில் சகஜம். இதற்கு சாதாரண கேலோடு சேர்த்து 'ஆர்.டி.எஸ். கேல்' என்று இன்னொன்றும் வேண்டும். சர்வரை நிர்வகிக்க மட்டும் ஒரே நேரத்தில் இரண்டு பேர் இலவசமாக நுழையலாம். ரிமோட் சேவையை நிறுவிய பிறகு 120 நாள் சலுகைக் காலம் இருப்பதால் எல்லாம் நன்றாக ஓடும். நாலு மாசம் கழித்து ஒரு காலையில் யாராலும் உள்ளே போக முடியாது. 'சர்வர் போச்சு' என்று சர்வீஸ் ஆளைத் திட்டுவார்கள். போனது சர்வர் அல்ல, சலுகை.

பழைய கேல் செல்லுமா?

2016 கேலை வைத்துக்கொண்டு 2022 அல்லது 2025 சர்வருக்குள் போக முடியாது. புதிய கேல் வைத்திருப்பவர் பழைய சர்வரைப் பயன்படுத்தலாம், அதற்குத் தடையில்லை. 'சாஃப்ட்வேர் அஷ்யூரன்ஸ்' சந்தா போட்டிருந்தால் மட்டும் கேலும் புதிய பதிப்புக்கு மாறிக்கொள்ளும். அதனால்தான் அந்தக் கொட்டேஷனில் 40 கேல் வரி வந்து உட்கார்ந்திருக்கிறது.

செலவைக் குறைக்க வழி இல்லாமல் இல்லை. 25 பயனர், 50 சாதனத்துக்குள் அடங்கும் சிறு ஆபீஸுக்கு 'எசென்ஷியல்ஸ்' பதிப்பு போதும், அதற்கு சாதாரண கேல் தேவையே இல்லை. மைக்ரோசாஃப்ட் 365-ல் இ3, இ5 சந்தா கட்டுபவர்களுக்கு விண்டோஸ் சர்வர் கேல் உரிமையும் சேர்ந்தே வரும். 'பிசினஸ் பிரீமியம்' சந்தாவில் அது கிடையாது. வேலையை விட்டுப் போனவரின் கேலைப் புதிதாகச் சேர்ந்தவருக்கு மாற்றிக் கொடுக்கலாம். ஆனால் பொதுவாக ஒருமுறை மாற்றினால் 90 நாளைக்கு மறுபடி மாற்றக் கூடாது. லீவில் போனவருக்குப் பதிலாகத் தற்காலிகமாக வருபவருக்கு இந்தக் கட்டுப்பாடு பொருந்தாது.