நந்தி மலையடிவாரத்தில் ஒயின் சுற்றுலா: கோப்பையின் எதிர்காலம் நிலத்தையும் நீரையும் நம்பியுள்ளது

பெங்களூரு: கர்நாடகத் தலைநகருக்கு வடக்கே சுமார் 60 கி.மீ. தொலைவில், கடல் மட்டத்திலிருந்து 1,478 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது நந்தி மலை. சூரிய உதயத்தைக் காண வார இறுதி நாட்களில் மலையேறும் நகரவாசிகளில் ஒரு பகுதியினர், இறங்கிய பிறகு தொட்டபள்ளாப்பூர் பக்கம் திரும்பி ஒயின் ஆலைகளைக் காணச் செல்கின்றனர். திராட்சைத் தோட்டத்தைச் சுற்றிப் பார்ப்பது, ஆலையின் நிலவறையில் அடுக்கப்பட்டுள்ள ஓக் மரப் பீப்பாய்களைக் காண்பது, இறுதியில் நான்கைந்து வகை ஒயின்களைச் சிறிதளவு சுவைத்து அறிவது என இந்தச் சுற்றுலா ஒழுங்குபடுத்தப்பட்டுள்ளது.

இந்தச் சுற்றுலாவின் அடித்தளத்தைத் தொடும் இரு முடிவுகள் 2025 ஜூலை மாதத்தில் வெளியாயின. ஜூலை 2 அன்று நந்தி மலையிலேயே கூடிய கர்நாடக அமைச்சரவை, பெங்களூரு ஊரக மாவட்டத்தின் பெயரை 'பெங்களூரு வடக்கு' என மாற்ற ஒப்புதல் அளித்தது. ஜூலை 15 அன்று, தேவனஹள்ளி வட்டத்தில் விண்வெளித் தொழிற்பூங்காவுக்காக 1,777 ஏக்கர் நிலம் கையகப்படுத்தும் திட்டம் கைவிடப்படுவதாக முதலமைச்சர் சித்தராமையா அறிவித்தார். மூன்றாண்டுகளுக்கும் மேலாக விவசாயிகள் நடத்திய போராட்டத்தின் விளைவு அது. இரண்டு முடிவுகளிலும் ஒயின் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எனினும், நகரம் வடக்கு நோக்கி விரியும் வேகத்தில் திராட்சைத் தோட்டங்களுக்கு எவ்வளவு காலம் இடம் இருக்கும் என்ற வினாவை இரண்டுமே எழுப்புகின்றன.

இங்கு ஏன் திராட்சை?

நந்தி மலையடிவாரம் பூமத்திய ரேகைக்கு 13 பாகை வடக்கே உள்ளது. உலகின் புகழ்பெற்ற ஒயின் பிரதேசங்கள் பெரும்பாலும் 30 முதல் 50 பாகை வரையிலான குளிர்ச்சியான பகுதிகளில் இருப்பவை. அங்குக் குளிர்காலத்தில் கொடி இலையுதிர்த்து உறங்கும்; இங்கு அந்த உறக்கம் கிடையாது. அதற்கு ஈடாக விவசாயிகள் ஆண்டுக்கு இருமுறை கவாத்து செய்கின்றனர். கோடையில் செய்யப்படும் முதல் கவாத்து கிளைகளை உருவாக்குவதற்கு. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் செய்யப்படும் இரண்டாவது கவாத்து காய்ப்பதற்கு. மழை ஓய்ந்த வறண்ட மாதங்களில் பழம் முதிர்ந்து, பிப்ரவரி, மார்ச் வாக்கில் அறுவடையாகிறது. சுமார் 900 மீட்டர் உயரமுள்ள பீடபூமியின் குளிர்ந்த இரவுகள், பழத்தின் புளிப்புத்தன்மை முற்றிலும் கரைந்துவிடாமல் காக்கின்றன.

இந்த இயற்கை வாய்ப்பைத் தொழிலாக மாற்றியவர்களில் முன்னோடி தொழிலதிபர் கன்வல் குரோவர். 1988இல் அவர் தொடங்கிய குரோவர் வைன்யார்ட்ஸ், 1992இல் தன் முதல் ஒயினைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பிரான்சின் போர்தோ பகுதியைச் சேர்ந்த ஒயின் வல்லுநர் மிஷெல் ரோலான் 1990களில் அந்நிறுவனத்தின் ஆலோசகரானார். 2012இல் நாசிக்கைச் சேர்ந்த மற்றொரு நிறுவனத்துடன் இணைந்து அது 'குரோவர் சாம்பா' எனப் பெயர் பெற்றது. மாநில அரசு 2007இல் திராட்சை பதப்படுத்துதல் மற்றும் ஒயின் கொள்கையை வகுத்ததையடுத்து நந்தி பள்ளத்தாக்கு, காவிரி, கிருஷ்ணா ஆற்றுப் பகுதிகள் ஆகியவற்றில் ஆலைகள் பெருகின. பெங்களூரு-மைசூரு நெடுஞ்சாலையில், மரப் பொம்மைகளுக்குப் பெயர் பெற்ற சன்னபட்டணாவிலும் இன்று ஒயின் சுவைக்கூடம் இயங்குகிறது. நாசிக்கின் சூலா நிறுவனம் அதை நடத்துகிறது.

சுவைக்கூடம் ஏன் இன்றியமையாதது?

பார்வையாளருக்கு அது ஒரு பொழுதுபோக்கு. ஆலைக்கோ அது பிழைப்புக்கான வழி. மது, அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலில் இடம்பெற்ற பொருள். மனிதர் அருந்தும் மதுவுக்குச் சரக்கு மற்றும் சேவை வரி பொருந்தாது. ஆகவே ஒவ்வொரு மாநிலமும் தனக்கென வரியும், உரிமக் கட்டணமும், ஒவ்வொரு வகை ஒயினின் முகப்புச் சீட்டுக்கும் தனிப் பதிவும் வைத்திருக்கிறது. தொட்டபள்ளாப்பூரில் நிரப்பப்படும் பாட்டில் ஒன்று நூறு கி.மீ. கூடத் தள்ளியிராத ஓசூருக்கு வர வேண்டுமென்றால், அது தமிழ்நாடு மாநில வாணிபக் கழகத்தின் கொள்முதல் பட்டியலுக்குள் நுழைந்தாக வேண்டும். கர்நாடகத்துக்குள்ளேயே மொத்த விற்பனை, 2003இல் நிறுவப்பட்ட மாநிலப் பானங்கள் கழகத்தின் வழியாகவே நடைபெறுகிறது.

விளம்பரமும் தடை செய்யப்பட்ட ஒன்றே. மேலும், நம் ஊர்களில் 'ஒயின் ஷாப்' என்ற பெயர்ப்பலகைக்குப் பின்னால் விற்பனையாவது பெரும்பாலும் பிராந்தியும் ரம்மும்தான். பெயர் பழகிப்போன அளவுக்குப் பானம் பழகவில்லை. நிறத்தைப் பார்ப்பது, கோப்பையைச் சுழற்றி மணத்தை அறிவது, ஒரு மிடறை நாவில் நிறுத்திப் புளிப்பையும் துவர்ப்பையும் பிரித்துணர்வது ஆகியவற்றை ஒரு புதியவருக்கு நேரடியாகக் கற்பித்து, வாசலிலேயே பாட்டிலையும் விற்கும் ஒரே இடம் சுவைக்கூடம்.

மகாராஷ்டிர மாநிலம் நாசிக் இதற்குச் சான்று. 2000இல் முதல் ஒயினை வெளியிட்ட சூலா நிறுவனம் 2005இல் அங்குச் சுவைக்கூடம் திறந்தது. பின்னர் தங்கும் விடுதிகள், இசை விழா எனச் சுற்றுலா விரிந்தது. 2022 டிசம்பரில் நிறுவனம் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. அதே 2022இன் தொடக்கத்தில், பல்பொருள் அங்காடிகளில் ஒயின் விற்க மகாராஷ்டிர அமைச்சரவை அளித்த அனுமதி கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. கடைவீதியில் ஒயினை ஏற்க மறுக்கும் சமூகம், திராட்சைத் தோட்டத்தின் நடுவே அதைச் சுற்றுலாவாக ஏற்றுக்கொள்கிறது என்பதை நாசிக் அனுபவம் உணர்த்துகிறது.

வெளிநாட்டுப் போட்டியும் சுவைக்கூடத்தின் தேவையைக் கூட்டியுள்ளது. இறக்குமதி ஒயினுக்கு இருந்த 150 சதவீதச் சுங்க வரி, உள்நாட்டு ஆலைகளுக்கு நீண்டகாலம் அரணாக இருந்தது. 2022 டிசம்பர் 29 முதல் நடைமுறைக்கு வந்த இந்தியா-ஆஸ்திரேலியா ஒப்பந்தம் அந்த அரணைத் திறந்தது. பாட்டிலுக்குக் குறைந்தபட்சம் 5 டாலர் விலையுள்ள ஒயினுக்கான வரி உடனடியாக 100 சதவீதமாகவும், 15 டாலருக்கு மேற்பட்டவற்றுக்கு 75 சதவீதமாகவும் குறைந்தது. பத்தாண்டுகளில் இவை முறையே 50, 25 சதவீதமாக இறங்கும். ஐரோப்பிய ஒன்றியத்துடனான வர்த்தகப் பேச்சுகளிலும் ஒயின் வரி முக்கியப் பொருளாக இருந்து வந்துள்ளது. விலையில் மட்டும் போட்டியிட இயலாத நிலையில், உள்நாட்டு ஒயினுக்கு மிஞ்சுவது அதன் மண்வாசனை. அந்த மண் எஞ்சியிருக்கிறதா என்பதே அடுத்த வினா.

சுருங்கும் நிலம்

2008 மே மாதம் தேவனஹள்ளியில் கெம்பேகவுடா சர்வதேச விமான நிலையம் திறக்கப்பட்ட பின், வடக்குப் பகுதியின் நில மதிப்பு விவசாயக் கணக்குகளுக்கு எட்டாத உயரத்துக்குச் சென்றது. தொட்டபள்ளாப்பூர், தேவனஹள்ளி, ஹொசகோட்டை வழியாகச் செல்லும் துணைநகர வட்டச் சாலையும் அந்தப் போக்கை வலுப்படுத்தியுள்ளது. மாவட்டத்துக்குப் பெங்களூருவின் பெயரையே சூட்டுவதும் அதே திசையில்தான் சுட்டுகிறது.

ஒயின் திராட்சை நீண்டகாலப் பயிர். நட்ட கொடி முறையாகக் காய்க்கச் சுமார் மூன்று ஆண்டுகள் ஆகும். அதன்பின் பல ஆண்டுகள் அதே இடத்தில் நின்றால்தான் முதலீடு மீளும். மனைப்பிரிவு வணிகர் அடுத்த மாதமே பணம் தரக் காத்திருக்கும்போது, பதினைந்து ஆண்டுக் கணக்கில் யோசிக்க ஒரு சிறு விவசாயிக்கு வலுவான காரணம் தேவை. தேவனஹள்ளி விவசாயிகள் அரசின் கையகப்படுத்தலைத் தடுத்து நிறுத்தினர். ஆனால் விருப்பத்தின் பேரில் நிகழும் விற்பனையைத் தடுக்கப் போராட்டம் உதவாது. விவசாயம் இலாபம் தந்தால் மட்டுமே அது நிற்கும்.

வற்றும் நீர்

தமிழக வாசகர்களுக்கு இப்பகுதி அந்நியமானதன்று. தென்பெண்ணையும் பாலாறும் நந்தி மலையைச் சூழ்ந்த மேட்டு நிலங்களில்தான் பிறக்கின்றன. ஆயினும் ஆறுகள் பிறக்கும் இப்பகுதியில் ஆண்டு முழுவதும் நீரோடும் ஆறு ஒன்றும் இல்லை. ஏரிகளும் ஆழ்துளைக் கிணறுகளுமே ஆதாரம். மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் மதிப்பீடுகளில் கோலார், சிக்கபள்ளாப்பூர், பெங்களூரு ஊரக மாவட்டங்கள் நீண்டகாலமாக மிகை உறிஞ்சல் பகுதிகளாகவே இடம்பெற்று வருகின்றன. ஆயிரம் அடிக்கும் கீழே நீர் தேடுவது இங்கு அரிதன்று.

இதைச் சமாளிக்க, பெங்களூருவின் கழிவுநீரைச் சுத்திகரித்துக் கோலார், சிக்கபள்ளாப்பூர் ஏரிகளில் நிரப்பும் திட்டங்களை அரசு செயல்படுத்தி வருகிறது. கோரமங்களா-செல்லகட்டா பள்ளத்தாக்கிலிருந்து கோலாருக்கு 2018 முதல் நீர் செல்கிறது. ஹெப்பாள்-நாகவாரா பள்ளத்தாக்கு நீர் சிக்கபள்ளாப்பூர் பக்கம் வருகிறது. நிலத்தடி நீர்மட்டம் உயர இவை உதவுகின்றன என்பது அரசின் நிலைப்பாடு. இரண்டாம் நிலைச் சுத்திகரிப்புடன் நிறுத்தாமல் மூன்றாம் நிலையும் தேவை என்பது நீர் உரிமை இயக்கங்களின் கோரிக்கை. மண்ணின் பெயரைச் சொல்லி விற்கப்படும் ஒரு பொருளுக்கு இந்த விவாதத்தின் முடிவு முக்கியமானது. சொட்டுநீரில் வளரும் ஒயின் திராட்சைக்குப் பல பயிர்களைவிடக் குறைவான நீரே போதும் என்பது உண்மை. ஆனால் ஆலையைக் கழுவுவதற்கும், உணவகத்துக்கும், விடுதிக்கும் வேண்டிய நீர் அந்தக் கணக்கில் சேர்வதில்லை.

சுற்றுலாவின் சுமையை மலை எவ்வளவு தாங்கும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். 2021 ஆகஸ்ட் மாதக் கனமழையில் ஏற்பட்ட நிலச்சரிவு மலைப்பாதையைத் துண்டித்தது. அவ்வாண்டு டிசம்பர் வரை நந்தி மலை பார்வையாளர்களுக்கு மூடப்பட்டிருந்தது.

விவசாயியின் பங்கு எவ்வளவு?

இப்பகுதியின் பாரம்பரியத் திராட்சை, புவிசார் குறியீடு பெற்ற 'பெங்களூரு நீலம்'. தடித்த தோலும் தனி மணமும் கொண்ட இப்பழம் உண்பதற்கும், பழச்சாறுக்கும், விலை குறைந்த இனிப்பு ஒயினுக்கும் பயன்படுகிறது. சுவைக்கூடங்களில் பெருமையுடன் ஊற்றப்படுபவையோ கபர்னே சோவினியோன், ஷிராஸ், சோவினியோன் பிளாங்க் போன்ற பிரெஞ்சு வகைகள். அவை ஆலைகளின் சொந்தத் தோட்டங்களிலோ, ஒப்பந்த விவசாயிகளின் நிலங்களிலோ விளைகின்றன. ஆகவே சுற்றுலாப் பேருந்து கடந்து செல்லும் பந்தல்களில் தொங்கும் பழத்துக்கும், பேருந்து சென்று நிற்கும் கூடத்தில் சுவைக்கப்படும் ஒயினுக்கும் பெரும்பாலும் தொடர்பில்லை.

2020 ஊரடங்கின்போது இந்த இடைவெளி வெளிப்பட்டது. அறுவடைக் காலத்தில் சந்தைகள் முடங்கியதால் சிக்கபள்ளாப்பூர் பகுதித் திராட்சை விவசாயிகள் வாங்குவாரின்றித் தவித்தனர். உபரிப் பழத்தை நல்ல விலைக்கு ஏற்றுப் பதப்படுத்தும் திறன் அருகிலேயே இருந்திருந்தால் இழப்பு குறைந்திருக்கும். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர்த் திராட்சையைப் பயிரிடும் தேனி மாவட்ட விவசாயிகளுக்கும் இது அறிமுகமான சிக்கல். குறியீடு பெயரைக் காக்கும். விலைக்கு உத்தரவாதம் தராது.

கவனிக்க வேண்டிய மறுபக்கம்

ஒயினை உடல்நலத்துக்கு உகந்த பானமாகச் சித்திரிக்கும் போக்கு சுற்றுலா விளம்பரங்களில் காணப்படுகிறது. இதற்கு ஆதாரம் போதாது. எந்த அளவு மதுவும் உடல்நலத்துக்குப் பாதுகாப்பானது எனக் கூற இயலாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவுபடுத்தியது. மதுவிலக்கை நோக்கி முயலுமாறு அரசமைப்பின் 47ஆவது பிரிவு மாநிலங்களுக்கு வழிகாட்டுகிறது. சுவைக்கூடங்கள் நகரத்துக்கு வெளியே இருப்பதால் பெரும்பாலான பார்வையாளர்கள் சொந்த வாகனங்களில் வந்து திரும்புகின்றனர். 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் மதுச்சத்துடன் வாகனம் ஓட்டுவது குற்றம். முதன்முறை பிடிபட்டால் ஆறு மாதம் வரை சிறை, 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். சுவைத்த பின் துப்பிவிடுவது வல்லுநர்களின் வழக்கம். விடுமுறைக்கு வருபவர்களின் வழக்கம் அன்று. பேருந்து இணைப்புடன் கூடிய சுற்றுலாவே இதற்குப் பொருத்தமான தீர்வு.

அடுத்து என்ன?

2007ஆம் ஆண்டுக் கொள்கை ஆலைகளை உருவாக்குவதை நோக்கமாகக் கொண்டிருந்தது. அந்த நோக்கம் பெருமளவு நிறைவேறியது. தோட்டங்களைக் காப்பது இனி முன்னிற்கும் பணி. விரிவடையும் நகருக்கான நிலப் பயன்பாட்டுத் திட்டங்களில் மலையடிவாரத் திராட்சை நிலங்களுக்குத் தனி வேளாண் வளையம் ஒதுக்குவது, சுற்றுலா உரிமத்துடன் நீர்ப் பயன்பாட்டுக் கணக்கையும் கட்டாயமாக்குவது, சிறு விவசாயிகளுக்குக் குறைந்தபட்ச விலை கொண்ட எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் வழங்குவது ஆகியவை அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டவையே. 'பெங்களூரு நீலம்' திராட்சைக்கும் சுவைக்கூடத்தில் இடம் தந்தால், சுற்றுலாவின் வருவாய் ஆலைச் சுவருக்கு வெளியேயும் பரவும்.

இதற்குக் காலம் அதிகமில்லை. இன்று நடப்படும் ஒரு கொடி ஒயினுக்கு உகந்த பழம் தர மூன்று ஆண்டுகள் வேண்டும். அந்த மூன்று ஆண்டுகளுக்கும் அதற்குப் பிறகும் தன் நிலம் விவசாய நிலமாகவே இருக்கும் என்ற நம்பிக்கை உள்ள விவசாயியே அந்தக் கொடியை நடுவார்.