விழா முடிந்த மறுநாள்

ஆண்டுதோறும் ஜூன் 5 அன்று சோமனூர் வட்டாரத்தில் ஏதேனும் ஒரு பள்ளி வளாகத்திலோ குளக்கரையிலோ மரக்கன்று நடும் விழா நடைபெறாமல் இருப்பதில்லை. பதாகை கட்டப்படும், விருந்தினருக்குச் சால்வை போர்த்தப்படும், பிள்ளைகள் உறுதிமொழி எடுப்பார்கள், கலைந்து செல்வோர் கையில் ஆளுக்கொரு மஞ்சள் துணிப்பை இருக்கும். நாமும் இத்தகைய விழாக்களில் மண்வெட்டி பிடித்தவர்கள்தாம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குளக்கரையில் நட்ட கன்றுகளைத் தீபாவளி கழிந்து சென்று பார்த்தோம். குழிகள் இருந்தன. மூங்கில் கூண்டுகளில் பாதி இருந்தன. கன்றுகள் மூன்றே மூன்று இருந்தன. பெயர்ப்பலகை மட்டும் பழுதின்றி நின்றது. பிறரைக் குறை கூற நமக்கு வாயில்லை. தண்ணீர் ஊற்றப்போவது யார் என்று விழா நாளில் எவரும் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை.

இலக்கியம் பேசக் கூடும் நண்பர்களுக்கு இந்தக் கவலை எதற்கு என்று சிலர் வினவக்கூடும். நொய்யலைக் காஞ்சிமாநதி என்று போற்றும் கச்சியப்ப முனிவரின் பேரூர்ப் புராணத்தை வியந்து பேசுகிறோம். பதிற்றுப்பத்து சுட்டும் கொடுமணம், நொய்யற்கரைக் கொடுமணலே என்று பெருமிதம் கொள்கிறோம். அங்கே அகழாய்வில் கிடைத்த சுடுமண் தக்களிகளைக் காட்டி, நூலுக்கும் இந்த ஆற்றுக்கும் ஈராயிரம் ஆண்டு உறவு என்று மேடையில் முழங்குகிறோம். அந்த உறவு நம் காலத்தில் என்னவாயிற்று என்று பேச மறுத்தால், பழம்பெருமைக்குப் பொருளேது?

நாம் சொல்ல விரும்புவது ஒன்றே. விழா என்பது ஊர் கூடிச் செய்யும் வாக்குறுதி. அதை மறுநாள் நிறைவேற்றப்போவது யார், செலவு யாருடையது, எந்த நாளுக்குள் என்பவை எழுதப்படாவிட்டால் அது வெறும் கூட்டமாகவே கலைந்துவிடும். சூழல் விழாக்கள் இனி ஒப்பந்தத்தில் முடிய வேண்டும். ஒப்பந்தம் என்ற சொல் சோமனூருக்குப் புதியதன்று. அதன் அருமையையும் அது மீறப்படும்போது நேரும் வேதனையையும் நெசவாளர் அளவுக்கு அறிந்தவர் எவர்?

முதலில் ஆற்றின் கதையைப் பார்ப்போம். 1992-ல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை பாசனத்திற்காகக் கட்டப்பட்டது. சில ஆண்டுகளிலேயே அது திருப்பூரின் சாயநீர் தேங்கும் தொட்டியாயிற்று. நொய்யலின் கீழ்ப்பகுதி ஆயக்கட்டு உழவர்கள் 2003-ல் நீதிமன்றத்தை நாடினர். 2006-ல் உயர் நீதிமன்றமும் 2009-ல் உச்ச நீதிமன்றமும் கெடு விதித்தன. கெடுக்கள் மீறப்பட்டபின், 2011 ஜனவரி 28 அன்று சாயப்பட்டறைகளை மூட உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. கழிவுநீரைச் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் 'பூஜ்ய வெளியேற்ற' முறை அதன் பின்னரே இங்கு வேரூன்றியது. இன்று திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் அயல்நாட்டு வணிகர்களிடம் பெருமையுடன் எடுத்துக்காட்டுவது இந்த முறையைத்தான். இந்தப் பெருமை எந்த உறுதிமொழி மேடையிலும் பிறக்கவில்லை. நாள் குறித்த, மீறினால் விளைவுண்டு என்ற ஆணையிலிருந்து பிறந்தது. அதே வேளை, பட்டறைகள் மூடியபோது மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்பியவர்கள் கூலித் தொழிலாளர்கள். கெடு தவறியதில் அவர்களுக்குப் பங்கில்லை; விலை கொடுத்ததில் பெரும்பங்கு அவர்களுடையது. முன்கூட்டியே செய்யாத ஒப்பந்தத்தின் வட்டி எப்போதும் கடைசிப் படியில் நிற்பவன் தலையில்தான் விழுகிறது.

விழாக்களால் பயனே இல்லை என்று நாம் கூறவில்லை. மக்கள் கூடியதால் நிகழ்ந்தவற்றை நம் கண்ணாலேயே கண்டோம். அத்திக்கடவு–அவினாசித் திட்டம் அறுபது ஆண்டுக் கோரிக்கை. 2016 பிப்ரவரியில் அவினாசியில் நடந்த உண்ணாநிலைப் போராட்டத்திற்கு ஊர் ஊராக மக்கள் திரண்டது பலருக்கும் நினைவிருக்கும். 2024 ஆகஸ்ட் 17 அன்று திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. பவானி ஆற்றின் உபரிநீரைக் காலிங்கராயன் அணைக்கட்டின் கீழிருந்து இறைத்து, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டு சேர்ப்பது அதன் நோக்கம். குழாய் வந்துவிட்டது. ஆனால் குட்டையில் முளைக்கும் சீமைக்கருவேலத்தையும் அங்கே கொட்டப்படும் குப்பையையும் குழாய் அகற்றாது. மழைநீர் வரும் பள்ளம் அடைபட்டிருந்தால் அதையும் குழாய் திறக்காது. போராட்டத்திற்குத் திரண்ட ஊர், பராமரிப்புக்கும் திரளுமா என்பதே இனி உள்ள வினா.

திருப்பூரிலேயே ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. வெற்றி அமைப்பு 2015-ல் தொடங்கிய 'வனத்துக்குள் திருப்பூர்' பத்து லட்சத்தைக் கடந்து மரங்களை நட்டிருக்கிறது. அதன் வெற்றிக்குக் காரணம் நடுவிழாவின் ஆரவாரமன்று, நடுமுன் செய்யும் ஏற்பாடு. பெரும்பாலும் நில உடைமையாளரின் தோட்டத்தில், வேலிக்கும் நீருக்கும் அவர் பொறுப்பேற்ற பின்னரே கன்று செல்கிறது. கன்று ஒருவர் தருவது, குழி ஒருவர் தோண்டுவது, தண்ணீர் ஒருவர் விடுவது என்று கடமை பிரிக்கப்படுகிறது. எழுதப்பட்டதோ வாய்ச்சொல்லோ, அது ஒப்பந்தமே. நாம் நட்ட குளக்கரையில் இல்லாமற்போனது அதுதான்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. ஜூன் 5 உலகத்திற்கு உரிய நாளாக இருக்கலாம். நம் மண்ணுக்கு உரிய நாள் அன்று. பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று ஆனியிலும் ஆடியிலும் இந்தச் சமவெளியை உலர்த்திவிட்டுச் செல்கிறது. காற்றாலைகளுக்கு அது அறுவடைக்காலம், இளங்கன்றுக்கு எமன். இப்பகுதியின் பெருமழை ஐப்பசியில்தான் வருகிறது. ஆகவே ஜூனில் நடுபவர் நான்கு மாதங்கள் குடம் சுமக்க அணியமாக இருக்க வேண்டும். அல்லது புரட்டாசிக் கடைசியில் நட வேண்டும். நாட்காட்டியைப் பார்த்து நடுவதைவிட வானத்தைப் பார்த்து நடுவது நம் முன்னோர்க்குத் தெரிந்திருந்தது.

இனித் தறிக்கு வருவோம். சோமனூர் என்றால் காடா துணி. கூலி பேசும் இடங்களில் 'சோமனூர் ரகம்' என்பது தனி இனம். ஜவுளி உற்பத்தியாளர் பாவும் ஊடையும் தருவார். விசைத்தறியாளர் கூலிக்கு நெய்து தருவார். 2021 நவம்பரில் அறிவிக்கப்பட்ட கூலி உயர்வு கைக்கு வராததால் 2022 ஜனவரியில் தறிகள் நின்றன. 2025 மார்ச், ஏப்ரல் மாதங்களில் மீண்டும் நின்றன. உண்ணாநிலைப் போராட்டமும் நடந்தது. அப்போது எழுந்த கோரிக்கைகளில் முதன்மையானது, ஒப்புக்கொண்ட கூலிக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்பது. காகிதத்தில் இருப்பது கைக்கு வந்து சேர வேண்டும் என்ற அந்தக் கோரிக்கையைத்தான் நாம் சூழல் விழாக்களுக்கும் பொருத்திப் பார்க்கிறோம்.

அரசு 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியது. நல்ல இயக்கம். விழாவில் நம் கைக்கு வரும் அந்தப் பையின் துணி ஏதோ ஒரு தறிக் குடோனில் நெய்யப்பட்டதாகத்தான் இருக்க வேண்டும். சித்திரை மாதத்து நண்பகலில் அக்குடோனுக்குள் ஒருமுறை நின்று பாருங்கள். மேலே ஆஸ்பெட்டாஸ் தகடு. கீழே தறிகளின் ஓயாத இரைச்சல். காற்று வறண்டால் பாவு இழை அறுபடும் என்பதால் சன்னலைத் திறக்கவும் தயக்கம். தறியோட்டுபவர் வியர்வையைத் துடைக்கவும் நேரமின்றி இழை முடிகிறார். 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அந்தப் பேரிடர் இங்கே புயலைப் போலக் கடற்கரையில் வந்து இறங்குவதில்லை. தகட்டுக் கூரையின் கீழ் நாள்தோறும் பன்னிரண்டு மணிநேரம் இறங்குகிறது. பருவநிலை பற்றிய நம் விழாக்கள் எதுவும் இதுவரை ஒரு தறிக் குடோனுக்குள் நடந்து நாம் கண்டதில்லை.

இதற்கு வழி இல்லாமலில்லை. 2010-ன் கொடுங்கோடையில் பலரை இழந்த அகமதாபாத் நகரம், 2013-ல் வெப்பச் செயல்திட்டம் ஒன்றை வகுத்தது. அதன் தொடர்ச்சியாக எளியோர் வீட்டுக் கூரைகளுக்கு வெள்ளைப் பூச்சு அடிக்கும் பணியும் அங்கே நடைபெற்றது. அதுவும் நம்மூரைப் போல் துணியால் வளர்ந்த நகரமே. சுண்ணாம்பு நமக்கு அரிய பொருளன்று. பொங்கலுக்குச் சுவரில் அடிப்பதைக் கூரை மீதும் அடித்தால் வெயிலில் ஒரு பகுதி திரும்பிச் செல்லும்.

எனவே நம் முன்மொழிவுகள் மூன்று. முதலாவது, மாசி மாதத்தில் ஒரு நாள் ஊர் கூடித் தறிக்கூரைகளுக்கு வெள்ளையடிப்போம். பள்ளிப் பிள்ளைகளைக் கூரையேற்ற வேண்டாம்; அவர்கள் உள்ளே வெப்பமானி வைத்து, முன்னும் பின்னும் அளந்து எழுதட்டும். பூச்சுச் செலவைத் தறி உரிமையாளர் மட்டும் சுமக்காமல், துணி நெய்விப்பவரும் வாங்குபவரும் பகிரட்டும். இரண்டாவது, கன்று நடும் விழாவைப் புரட்டாசிக்கு மாற்றுவோம். ஒவ்வொரு கன்றுக்கும் நீர் விடுபவரின் இசைவு பெற்ற பின்னரே குழி தோண்டுவோம். அடுத்த ஆண்டு அதே நாளில் பிழைத்தவற்றை எண்ணி, மேடையில் முதலில் அந்த எண்ணிக்கையை வாசிப்போம். மூன்றாவது, விழாக்களுக்குப் பை வாங்குவோர், ஒப்புக்கொண்ட கூலி தரப்பட்டு நெய்த துணியா என்று கேட்டு வாங்குவோம்.

இதற்கு வரக்கூடிய மறுப்பையும் அறிவோம். கூலிக்கே போராடுபவனிடம் கூரையைப் பற்றிப் பேசுவது பசித்தவனுக்குப் பாடம் நடத்துவதாகாதா? ஆகும், தறிக்காரரை மட்டும் பொறுப்பாக்கினால். ஆனால் கூலியும் கூரையும் வெவ்வேறு சிக்கல்கள் அல்ல. கட்டுபடியாகாத கூலியில் ஓடும் குடோனுக்குக் கூரையை மாற்றப் பணமில்லை. ஆகவே நியாயமான கூலியே இந்த ஊரின் முதல் பருவநிலைத் திட்டம் என்று சொல்லத் துணிகிறோம்.

2017 செப்டம்பர் 7 அன்று, மழை நாள்களையடுத்து, சோமனூர் பேருந்து நிலையத்தின் மேற்கூரை இடிந்து விழுந்தது. பேருந்துக்குக் காத்திருந்தவர்களில் ஐவர் மாண்டனர். அன்றைய அழுகுரல் இவ்வூர்க் காதுகளை விட்டு இன்னும் போகவில்லை. எந்தக் கட்டடத்திற்கும் திறப்பு விழா உண்டு. ஆண்டுதோறும் கூரை ஏறி விரிசல் பார்ப்பதற்கு எந்த ஊரிலும் விழா இல்லை. மழையும் வெயிலும் இனி முன்போல் இரா என்று அறிந்தவர்கள் சொல்கிறார்கள். அப்படியானால் நமக்கு வேண்டியவை விரிசல் பார்க்கும் விழாக்களே.

வரும் ஜூன் 5 அன்று எவரேனும் உங்களை மரக்கன்று நட அழைத்தால் மறுக்காமல் செல்லுங்கள். உறுதிமொழி வாசித்து முடிந்ததும் எழுந்து, நாளை தண்ணீர் ஊற்றுவது யார் என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதில் வரும்வரை உட்கார வேண்டாம்.