குடியின் விளைவு தலையிடியோடு முடிவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு வாவிக்கரையில் மாலையில் கூடும் கல்லூரி மாணவரிடம் குடியின் விளைவைக் கேட்டால், 'தலையிடி, சத்தி, வீட்டில ஏச்சு' என்று விரல் மடிப்பார்கள். ஈரல் நோய் கிழவர்களுக்கு, புற்றுநோய் சிகரெட்காரருக்கு என்பது அவர்கள் நினைப்பு. மதுவும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1988இலேயே வகைப்படுத்திவிட்டது. உடைத்தெறிந்த போத்தல், விடிய வீச்சுவலையோடு இறங்குபவரின் காலைக் கிழிப்பதும் இவர்கள் கணக்கில் இல்லை.

21 வயதுக்குக் குறைந்தோருக்கு மது விற்பதை 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது. கடைகளில் அடையாள அட்டை கேட்பதை மதுவரித் திணைக்களம் உறுதிசெய்ய வேண்டும். வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகப் புதுமுக மாணவரிடம், போதனா வைத்தியசாலை விபத்துப் பிரிவுத் தாதியரைப் பேச வைக்கலாம். அறிவுரையைவிட அது உறைக்கும்.

இப்படிக்கு,
பெற்றோர் ஒருவர்,
கல்லடி.