கையெழுத்து வைத்த பிறகும் ஒரு கதவு



இந்த மாதத் தலையங்கம் ஒரு குளியலறையைப் பற்றியது. ஆசிரியர் குழுவில் நான் இதைச் சொன்னபோது ஒரு தோழர் சிரித்துவிட்டார். "வீட்டுச் சொந்தக்காரரின்ர பிரச்சினைக்கு நாங்கள் ஏன் தலையங்கம் எழுத வேணும்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். முழுவதையும் வாசித்துவிட்டு நீங்களே பதில் சொல்லுங்கள்.

இங்கே எர்லாங்கனில் என்ர மாமாவும் மாமியும் இருபது வருஷத்துக்கு மேல் உழைத்து, வங்கிக் கடனில் ஒரு சின்ன வரிசை வீடு வாங்கினவை. மாமா தொழிற்சாலையில் இரவு வேலை. மாமி விடியப்புறம் அலுவலகங்கள் துப்புரவு செய்யப் போறவ. அவர்களோடு இருக்கும் அம்மம்மாவுக்கு 84 வயது. குளியல் தொட்டியின் விளிம்பைத் தாண்டிக் கால் வைக்க ஏலாது. தொட்டியைக் கழற்றிவிட்டு, படியில்லாத ஷவர் போட வேண்டும். தேவை அவ்வளவுதான்.

போன இலையுதிர் காலத்தில் ஒரு வியாழக்கிழமை பின்னேரம், மாமி போன் பண்ணிக் கேட்டதன் பேரில், ஒரு நிறுவனத்தின் விற்பனையாளர் வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணி குடித்தார். அம்மம்மாவுக்குக் கைகொடுத்தார். "பராமரிப்புக் காப்புறுதி காசு தரும், யோசிக்க வேண்டாம். இன்றைக்கே கையெழுத்து வைத்தால் விலைக்கழிவு" என்றார். சமையலறை மேசையிலேயே 14,600 யூரோவுக்கு ஒப்பந்தம் எழுதப்பட்டது. அதில் 30 வீதம் முற்பணம், 4,380 யூரோ. மாமா சீட்டெடுத்து வைத்திருந்த காசை அடுத்த நாளே அனுப்பிவிட்டார்.

ஐந்து வாரம் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. போன் எடுத்தால் "சாமான் இன்னும் வரவில்லை" என்ற பதில். காப்புறுதிக் கதையும் அரைவாசிதான் உண்மை. வீட்டை மாற்றியமைக்கப் பராமரிப்புக் காப்புறுதி 4,180 யூரோ வரை தரும். ஆனால் அதற்குப் பராமரிப்புத் தரம் ஒன்று ஏற்கெனவே தீர்மானிக்கப்பட்டிருக்க வேண்டும், வேலை தொடங்க முன்னமே விண்ணப்பிக்கவும் வேண்டும். அம்மம்மாவுக்கு அந்தத் தரம் அப்போது இருக்கவில்லை. மாமா போன் பண்ணி, வேலை வேண்டாம் என்றார். வந்த பதில்: "14 நாள் கடந்துவிட்டது. இப்போது முறித்தால் 30 வீதம் இழப்பீடு. முற்பணத்தோடு கணக்குச் சரி."

இது எனக்குத் தெரியவர இன்னும் இரண்டு வாரம் ஆனது. கடைசியில் மாமிதான் சொன்னா, அதுவும் குரலைத் தாழ்த்தி: "பிள்ளை, ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை. படிச்ச பிள்ளையள் இருக்கிற குடும்பம் இப்பிடி ஏமாந்து போச்சுது எண்டு சனம் கதைக்கும்."

எட்டு வயதிலிருந்து வரி அலுவலகக் கடிதமும் வைத்தியரின் கடிதமும் வீட்டுக்கு மொழிபெயர்த்து வளர்ந்த பிள்ளை நான். உங்களில் பலரும் அப்படித்தான். அன்று அந்த ஒப்பந்தத்தை மேசையில் விரித்து வாசித்தபோது, அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட, என்ன எழுதப்படவில்லை என்பதுதான் முக்கியமாக இருந்தது.

ஜெர்மன் குடியியல் சட்டக் கோவையில் "விடர்ரூஃப்" என்று ஒரு உரிமை இருக்கிறது. வைத்த கையெழுத்தை மீளப் பெறும் உரிமை. வியாபாரியின் கடைக்கு வெளியே, உதாரணமாக உங்கள் வீட்டில், செய்த ஒப்பந்தத்தை 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே மீளப் பெறலாம். "நீங்கள்தானே கூப்பிட்டீர்கள்" என்று சொல்லித் தட்டிக்கழிக்கப் பழைய சட்டத்தில் இடமிருந்தது. 2014 ஜூன் 13க்குப் பிறகு செய்த ஒப்பந்தங்களுக்கு அது செல்லாது. கூப்பிட்டு வந்தாலும் உரிமை உரிமைதான். இந்த உரிமையைப் பற்றி வியாபாரி எழுத்தில் ஒழுங்காக அறிவிக்கவும் வேண்டும். அறிவிக்காவிட்டால் 14 நாள் ஓடத் தொடங்குவதே இல்லை. உரிமை 12 மாதமும் 14 நாளும் உயிரோடு இருக்கும்.

மாமாவின் ஒப்பந்தத்தில் அந்த அறிவித்தல் ஒரு வரிகூட இல்லை. நிறுவனம் சொன்ன "14 நாள் கடந்துவிட்டது" என்பது பொய்.

இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள், ஏனென்றால் அவர்கள் பிடிக்கும் இடம் இதுதான். ஒப்பந்தத்தை முறிப்பது வேறு, மீளப் பெறுவது வேறு. முறித்தால், பேசிய தொகையில் தனக்கு மிச்சமான செலவைக் கழித்துவிட்டு மீதியை ஒப்பந்தக்காரர் கேட்கலாம். அங்கேயும், செய்யாத வேலைக்கு 5 வீதம் என்பதுதான் சட்டத்தின் ஊகம். அதற்கு மேல் கேட்பவர் கணக்குக் காட்ட வேண்டும். மீளப் பெற்றாலோ, ஒப்பந்தமே இல்லாமல் போகிறது. கட்டிய காசை 14 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். "வேலை வேண்டாம்" என்று மாமா சொன்னதை நிறுவனம் முறிப்பு என்று எழுதிக்கொண்டது. கடிதத்தில் எந்தச் சொல் இருக்கிறது என்பதில்தான் 4,380 யூரோ தொங்கிக்கொண்டிருந்தது.

இதே சண்டையை வேறு ஆட்கள் ஏற்கெனவே போட்டு வென்றிருக்கிறார்கள். ஒருவர் தன் வீட்டு வெளிச்சுவரில் மின்தூக்கி பொருத்த 40,000 யூரோவுக்கு மேல் பேசி, 12,000 யூரோவுக்கு மேல் கட்டிவிட்டு, ஒப்பந்தத்தை மீளப் பெற்றார். நிறுவனமோ, உங்கள் வீட்டு அளவுக்கென்றே செய்யும் பொருளுக்கு இந்த உரிமை இல்லை என்றது. கார்ல்ஸ்றூகவில் உள்ள சமஷ்டி நீதிமன்றம் 2018 ஆகஸ்ட் 30 அன்று அதை ஏற்கவில்லை. இது வெறும் பொருள் விற்பனை இல்லை, திட்டமிட்டுப் பொருத்திக் கொடுக்கும் வேலை, ஆகவே உரிமை உண்டு, முற்பணம் திரும்ப வேண்டும் என்றது. 2021 அக்டோபரில் வளைந்த படிக்கட்டுகளுக்குப் பொருத்தும் லிஃப்ட் பற்றியும் அதே நீதிமன்றம் அதே பக்கம் நின்றது. அந்த வழக்கைப் போட்டது ஒரு நுகர்வோர் அமைப்பு.

சட்டம் தானாகக் கனிந்து விழவில்லை. தவணைக்கு வாங்கினவர்களுக்கு ஒரு வாரம் யோசிக்க இங்கே 1974இல்தான் இடம் கிடைத்தது. வீட்டு வாசலில் கையெழுத்து வைத்தவர்களுக்கான சட்டம் 1986இல், தற்செயலாக மே 1 அன்று, நடைமுறைக்கு வந்தது. வாசலில் நிற்கும் விற்பனையாளரும் களைத்துப்போய் வேலையால் வந்த மனிதரும் சமமான இரண்டு பேர் இல்லை என்பதை அரசு ஒத்துக்கொள்ள அவ்வளவு காலம் எடுத்தது. ஒப்பந்தம் என்றால் இரண்டு சுதந்திரமான மனிதரின் விருப்பம் என்ற கதையில் விழுந்த வெடிப்பு அது. அந்த வெடிப்புக்குள்ளால் வருவதுதான் எங்கட முற்பணம்.

சரி, எங்களுக்கு என்ன நடந்தது? நான்கு வரியில் ஒரு கடிதம் எழுதினோம். திகதி, ஒப்பந்த இலக்கம், "இந்த ஒப்பந்தத்தை மீளப் பெறுகிறோம்", 14 நாளுக்குள் காசை இந்தக் கணக்குக்கு அனுப்பவும். மாமாவும் மாமியும் கையெழுத்து வைத்தார்கள். பதிவுத் தபாலில் போட்டோம். பதில் இல்லை. இரண்டாவது கடிதத்தில் தவணை கொடுத்தோம். "கருணையின் பேரில் 1,000 யூரோ தருகிறோம்" என்று வந்தது. மாமா அதை வாங்கிக்கொள்ளத் தயாராகிவிட்டார். "உள்ளது வரட்டும், விடு பிள்ளை" என்றார். நான் விடவில்லை. பவேரியாவில் கடன் கோரும் கட்டளைகள் எல்லாம் கோபுர்க் நீதிமன்றத்திலிருந்துதான் போகும். அங்கே விண்ணப்பித்தோம். வழக்கறிஞர் தேவைப்படவில்லை. நிறுவனம் மறுப்புத் தெரிவித்திருந்தால் வழக்காக நீண்டிருக்கும். மறுக்கவில்லை. கட்டளை போய்ப் பத்தாவது நாள் முழுக் காசும் வந்தது. மாமி அந்த வங்கிக் கடதாசியை சாமித்தட்டில் வைத்திருக்கிறா.

இனி எனக்கே உறுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். லக்சம்பேர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம் 2023 மே 17 அன்று ஒரு தீர்ப்புச் சொன்னது. வீட்டில் மின்கம்பி வேலை முழுவதும் முடிந்த பிறகு, உரிமை அறிவிக்கப்படவில்லை என்று ஒருவர் ஒப்பந்தத்தை மீளப் பெற்றார். அவர் செய்த வேலைக்கு ஒரு சதமும் கொடுக்கத் தேவையில்லை என்று தீர்ப்பானது. பெரிய நிறுவனத்துக்கு இது சரியான அடி. ஆனால் எங்கட ஆட்களிலேயே ஓடு பதிக்கிற, பெயின்ற் அடிக்கிற தனியாட்கள் எத்தனை பேர்? அவர்களும் சமையலறை மேசையில் வாய்ப்பேச்சில்தான் வேலை எடுக்கிறார்கள். அவர்களுக்கும் இந்த அறிவித்தல் பற்றித் தெரியாது. இரண்டு கிழமை முழங்காலில் நின்று ஓடு பதித்தவருடைய கூலியை இதே சட்டத்தால் பறிக்கலாம்.

என்ர நிலைப்பாடு இது: செய்யாத வேலைக்கு வாங்கின காசைத் திருப்பி எடுக்க இந்த உரிமையை முழுப் பலத்தோடு பாவிப்போம். செய்து முடித்த வேலையின் கூலியை விழுங்க ஒருபோதும் பாவிக்க மாட்டோம். அதோடு, எங்கட தொழிலாளர்களின் கையில் அந்த அறிவித்தல் படிவத்தைக் கொடுப்பதும் எங்கட வேலை. 14 நாளுக்குள் வேலை தொடங்க வேண்டுமென்றால், வாடிக்கையாளர் அதைக் கேட்டார் என்று எழுத்தில் வாங்கச் சொல்லுவோம். சட்டத்தில் ஒழுங்காக நிற்கும் சின்ன ஆளுக்குச் சட்டம் எதிரி இல்லை.

சிரித்த தோழருக்கு இப்போது பதில். வாடகை வீட்டில் இருப்பவர்களின் வாசலுக்கும் மின்சாரம், இணையம் விற்க ஆள் வருகிறது. அதே 14 நாள்தான். அந்த விற்பனையாளர் தேடுவது சொத்து உள்ளவரை இல்லை. கடிதம் வாசிக்க ஆள் இல்லாத வீட்டை, ஏமாந்ததைச் சொல்ல வெட்கப்படும் வீட்டை. சீட்டுப் பிடித்தவர் காசோடு ஓடினபோதும் எங்கட சனம் இதே வெட்கத்தில்தான் வாயை மூடியது. அந்த நிறுவனத்துக்கு வழக்கறிஞரைவிடப் பெரிய காவல் மாமியின் தாழ்ந்த குரல்.

ஆகவே செய்யக்கூடியவை. முதலாவது, முற்பணம் கொடுக்காதீர்கள். சட்டத்தின் பொதுவிதி, வேலை முடிந்து ஏற்றுக்கொண்ட பிறகு காசு. இடையில் கேட்டால், செய்த வேலையின் பெறுமதிக்கு மட்டும். முற்பணம் என்பது அவர்கள் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வது. நிறுவனம் வங்குரோத்தானால் எந்த உரிமையும் அதை முழுதாக மீட்டுத் தராது. இரண்டாவது, எங்கே கையெழுத்து வைத்தீர்கள் என்று பாருங்கள். நிறுவனத்தின் கடைக்குப் போய் வைத்திருந்தாலோ, அவசரத் திருத்த வேலைக்கு நீங்களே கூப்பிட்டிருந்தாலோ இந்த உரிமை பெரும்பாலும் இல்லை. மூன்றாவது, தனியாக இருக்காதீர்கள். எர்லாங்கன் நீதிமன்றத்தில் விண்ணப்பங்களை வாய்மொழியாகச் சொன்னால் எழுதித் தரும் பிரிவு இருக்கிறது. வருமானம் குறைந்தவர்கள், மாணவர்கள் உட்பட, அங்கேயே சட்ட ஆலோசனை உதவிக்கும் விண்ணப்பிக்கலாம். வழக்கறிஞருக்கு 15 யூரோ மட்டும் கொடுத்தால் போதும். நியூர்ன்பெர்க்கில் நுகர்வோர் மையம் இருக்கிறது.

நான்காவது எங்களுடையது. ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை எங்கட கூட்டம் தொடங்க முன்னர் ஒரு மணித்தியாலம் கடிதங்களுக்கு ஒதுக்குவோம். அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். திறக்காத கடிதங்களையும் கொண்டு வாருங்கள். எட்டு வயதில் தனியாகச் செய்த வேலையை இனி சேர்ந்து செய்வோம்.

அம்மம்மாவின் ஷவர் இன்னும் போடவில்லை. பராமரிப்புத் தரத்துக்கு விண்ணப்பித்திருக்கிறோம். வேலைக்கு ஊர்க்காரர் ஒருவரைப் பேசியிருக்கிறோம். அவருக்கு அறிவித்தல் படிவத்தை அச்சடித்துக் கொடுத்தது நான்தான்.

தோழமையுடன்,
எர்லாங்கனிலிருந்து, ஆசிரியர் குழுவுக்காக