சத்திரத்துக்கு வந்தவர்களா?

வீட்டுச் சுவருக்குப் பெயிண்ட் அடிக்க வந்தவரிடம் 'எந்த ஊருண்ணே' என்று கேட்டுத் தொலைத்தேன். சேரியில் பிறந்தவன் கேட்கக்கூடாத கேள்வி அது. 'எந்த ஊரு, ஊர்ல எந்தப் பக்கம்' என்று பஸ்ஸிலும் டீக்கடையிலும் நம்மை மோப்பம் பிடிக்கிறவர்களை எத்தனை முறை காறித் துப்பியிருக்கிறோம். அவர் பிரஷ்ஷை டப்பா மேல் வைத்துவிட்டு, 'எதச் சொல்ல?' என்றார்.

கொள்ளுத்தாத்தாவுக்கு வந்தவாசிப் பக்கம் ஒரு சேரி. இங்கே திருப்பருத்திக்குன்றத்திலிருந்து பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரம். 1920களில் கங்காணி பின்னால் மண்டபம் போய், கொழும்பு அரசாங்கம் நடத்திய தடுப்பு முகாமில் அடைபட்டு, மருந்தடிக்கப்பட்டு, கப்பலேறித் தேயிலை மலைக்குப் போனவர். தாத்தா தோட்டத்து லயத்தில் பிறந்தார். 1948-ல் இலங்கை குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்து தோட்டத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து 9,75,000 பேரைப் பங்கு போட்டார்கள். 5,25,000 பேர் உனக்கு, 3,00,000 பேர் எனக்கு, மீதி 1,50,000 பேரை அப்புறம் பார்க்கலாம். அந்த மீதியை 1974-ல் சிறிமாவும் இந்திராவும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். சந்தையில் மாட்டுக்காவது பல்லைப் பிடித்துப் பார்ப்பான். இவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பறையர், பள்ளர், சக்கிலியர்தானே பெரும்பாலும். எவன் கேட்பான்?

தாத்தா இந்தியாவுக்கு மனுப் போட்டுக் காத்திருந்தார். 1977 கலவரத்தில் குடும்பம் மலையை விட்டு வவுனியாவுக்கு ஓடியது. 1984-ல் தலைமன்னார்க் கப்பலும் நின்றுபோனது. 1990-ல் போர் துரத்த, ஏழு வயசுப் பையனாக இவர் படகில் வந்திறங்கிய இடம் மண்டபம். கொள்ளுத்தாத்தாவைக் கூலி என்று அடைத்த அதே முகாமில் பேரப்பிள்ளை அகதி என்று பதிவானார். இப்போது கும்மிடிப்பூண்டி முகாமில் இருக்கிறார். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலாச்சு, இன்னும் வெளிநாட்டவர்.

சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா தோழர்களே? 1987 ஜூலை 1-க்கு முன்னால் இந்திய மண்ணில் பிறந்தால் பிறப்பாலேயே குடிமகன். அப்படி 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணே கோர்ட்டுக்குப் போய்த்தான் பாஸ்போர்ட் வாங்க முடிந்தது. 2024 தேர்தலில் முதல்முறையாக ஓட்டுப் போட்டார். நம் பெயிண்டரின் மனைவி முகாமில் பிறந்தது 1991. நாலு வருஷம் லேட்டு! பிள்ளைகளும் இங்கேதான் பிறந்தார்கள். தாயும் தகப்பனும் அந்நியர் என்பதால் அவர்களும் அந்நியர். பதிவு செய்தோ நெடுநாள் வாழ்ந்த உரிமையிலோ குடியுரிமை கேட்கலாமென்றால், செல்லத்தக்க ஆவணமில்லாமல் வந்தவனெல்லாம் 'சட்டவிரோதக் குடியேறி', அவனுக்கு அந்தக் கதவு கிடையாது என்று 2003 திருத்தம் அடைத்துவிட்டது. குண்டு விழும்போது விசா குத்திக்கொண்டு வந்திருக்கணுமாம். 1964-ல் ஒப்பந்தம் போட்டு 'என் ஆள்' என்று எண்ணிக் கணக்கெழுதிய அரசுதான் இதைச் சொல்கிறது.

2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் ஓர் இலங்கைத் தமிழரின் வழக்கில், இந்தியா ஒன்றும் தர்ம சத்திரமில்லை என்று சொல்லப்பட்டது. சரி. சத்திரத்தில் வந்து படுக்கிறவன் வழிப்போக்கன். நூறு வருஷம் கழித்துத் தன் வீட்டுத் திண்ணைக்குத் திரும்பி வந்தவனை என்னவென்று சொல்வது? அதே வருஷம் செப்டம்பரில், 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குத் தண்டனையிலிருந்து விலக்கு என்று உத்தரவு வந்தது. ஜெயிலில் போட மாட்டான், அவ்வளவுதான். குடிமகன் என்றும் சொல்ல மாட்டான்.

நான் யோக்கியன் மாதிரி எழுதிக்கொண்டு போகிறேன். கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவன் நான். முகாம் முகவரியோடு வண்டிக்கடன் கேட்டு வந்த ஒருவரின் விண்ணப்பத்தில் தேசியம் என்ற கட்டத்தில் 'இலங்கை' என்று இருந்ததைப் பார்த்து, விதியைக் காட்டித் திருப்பிக் கொடுத்தது இந்தக் கைதான். அன்றைக்குச் சாயந்தரம் இதே கை கவிதையும் எழுதியது.

இங்கே இன்னொரு கூத்து. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் பெயிண்டர் எங்கள் ஊர் சமணர் கோயிலுக்குப் போய் உத்தரத்து ஓவியங்களை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தார். 'எவன் அடிச்சானோ, கழுத்து நோக அடிச்சிருக்கான்' என்றார். 2019 திருத்தச் சட்டத்தின் பட்டியலில் சமணருக்கு இடமுண்டு. பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசத்திலிருந்து வந்திருந்தால். சமணர்மேல் நமக்கு வழக்கில்லை, அவர்களும் வரலாற்றில் விரட்டப்பட்டவர்கள்தான். இந்தப் பெயிண்டர் இந்துதான், ஆனால் இலங்கை பட்டியலில் இல்லை. முஸ்லிம் எங்கிருந்து வந்தாலும் இல்லை. 'எங்களையும் அந்தப் பட்டியலில் சேருங்கள்' என்று கேட்பதை நான் ஏற்கவில்லை. இன்னொருத்தனை வெளியே தள்ளிச் சாத்திய கதவு வழியாக நாம் உள்ளே போவதா என்றேன். அவர் சிரித்தார். 'ஒங்களுக்கு உள்ள நிக்கிற எடம் இருக்குண்ணே, அதனால கதவப் பத்திப் பேசுறீங்க. எம் புள்ளைக்கி எந்தக் கதவு தொறந்தாலும் சரிதான்.' எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. இப்போதும் முழுசாக இல்லை. ஆனாலும் சலுகையாகக் கேட்பதைவிடக் கடனாகக் கேட்பதே சரி என்று நினைக்கிறேன். 1964 ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட கடன் இன்னும் தீரவில்லை. 2019 ஜூனில் மதுரைக் கிளை நீதிமன்றம், திருச்சி முகாமைச் சேர்ந்த இந்திய வம்சாவளியினர் 65 பேர் வழக்கில், மனுக் கொடுங்கள், அரசு பரிசீலிக்கட்டும் என்று சொன்னதில் அந்த வழி இருக்கிறது.

ஈழத்துக்காக மேடையில் தொண்டை கிழியப் பேசியவர்கள் தோட்டக் கூலியை எத்தனை தரம் சொன்னார்கள்? அவர்களை விடுங்கள், நாம் எத்தனை தரம் எழுதினோம்? சாதி இவர்களோடு கப்பலேறிப் போனது, லயத்திலும் இருந்தது, முகாமுக்கும் திரும்பி வந்தது. சாதிச் சான்றிதழ் மட்டும் வராது, ஏனென்றால் வெளிநாட்டவருக்கு எஸ்.சி. கிடையாது. பிளஸ் டூ முடித்த முகாம் பிள்ளைக்கு இழிவு மிச்சம், இட ஒதுக்கீடு இல்லை. இது தலித் பிரச்சினை இல்லையென்றால் வேறெது?

கல்லூரித் தோழர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. பக்கத்து முகாமுக்குப் போங்கள். தாத்தா பாட்டி இருக்கும்போதே எந்த ஊர், எந்தத் தோட்டம், எந்த வருஷம் மனுப் போட்டார்கள் என்று எழுதி வாங்குங்கள். டிரங்குப் பெட்டியில் பழைய துண்டுக் காகிதம் கிடக்கும், நகல் எடுங்கள். கலெக்டர் ஆபீசில் மனுவாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள். வந்தவாசிப் பக்கத்துச் சேரியை நான் தேடிப்பார்க்கிறேன் என்று இவரிடம் சொல்லியிருக்கிறேன்.

சனிக்கிழமை சாயந்தரம் கூலியை எண்ணி வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். மறுநாள் முகாமில் ஆள் கணக்கெடுப்பாம், இல்லாவிட்டால் பேரை அடித்துவிடுவான். பின்பக்கச் சுவர் இன்னும் ஒரு கோட்டிங் பாக்கி.