சும்மா போயிட்டு வாறதுக்கும் உரிமை வேணும்

எங்கட ஊரில் "வெளிநாடு" என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம்தான். ஒன்று, உழைக்கப் போவது: கட்டார், சவூதி, குவைத், டுபாய். மற்றது, தப்பிப் போவது: படகில் தமிழ்நாடு, ஏஜென்சிக்குக் காசு கட்டி ஐரோப்பா, கனடா. மூன்றாவதாக ஒரு அர்த்தமும் உலகத்தில் இருக்கிறது. சும்மா போய், ஒரு காரை வாடகைக்கு எடுத்து, நினைத்த இடத்தில் நிறுத்தி, தேத்தண்ணி குடித்து, நாலு ஊர் பார்த்துவிட்டுத் திரும்பி வருவது. குச்சவெளியில் யாராவது இதைச் சொன்னால் "என்ன, காசு கூடிப் போச்சோ?" என்றுதான் கேட்பார்கள். இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு எதிரானது. அந்தக் கேள்வியை எங்கட வாயில் வைத்த ஒழுங்குக்கும் எதிரானது.

மே மாதம் தொடங்கி செப்டெம்பர் வரைக்கும் திருகோணமலை–புல்மோட்டை வீதியில் நின்று பாருங்கள். வெள்ளைக்காரப் பெடியளும் பெட்டையளும் வாடகை ஓட்டோவைத் தாங்களே ஓட்டிக்கொண்டு போவார்கள். உப்புவெளியில் குளித்து, நிலாவெளியில் படகேறிப் புறாமலை பார்த்து, குச்சவெளியில் கடலோரக் கல்லில் ஏறி நின்று படம் எடுத்து, திரியாய்ப் பக்கம் போவார்கள். எங்கட வயசுதான். அவர்களில் எங்களுக்குக் கோபம் இல்லை. கை காட்டினால் நிறுத்திக் கதைக்கிறார்கள், வழி கேட்கிறார்கள், இளநீர் வாங்கிக் குடிக்கிறார்கள். ஆனால் அந்த ஓட்டோ கடந்து போன பிறகு ஒரு கேள்வி வீதியிலேயே நிற்கிறது. இதையே நாங்கள் அவர்களுடைய நாட்டில் செய்ய ஏலுமா? அதைவிடு, பக்கத்து நாட்டில் செய்ய ஏலுமா?

நாங்கள் ஐந்து பேர் இந்தக் கேள்வியைக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஐஸ்லாந்தும் வேண்டாம், லடாக்கும் வேண்டாம். யூடியூப்பில் மற்றவர்கள் ஓட்டுவதைப் பார்த்தே எங்களுக்கு அந்த வீதிகள் பாடம். நாங்கள் எடுத்தது ஆகக் கிட்டின வெளிநாடு. காங்கேசன்துறையில் கப்பல் ஏறி நாகபட்டினத்தில் இறங்குவது. அங்கே ஒரு கார் எடுப்பது. நாகூர், வேளாங்கண்ணி, பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலையால் தெற்கே இறங்கி இராமேஸ்வரம், கடைசியில் தனுஷ்கோடி. தர்காவும் தேவாலயமும் கோயிலும் ஒரே வழியில் வருவதால் எங்கட ஐந்து பேரின் வீட்டுக்கும் சொல்ல ஒவ்வொரு காரணம் கிடைத்தது. தனுஷ்கோடி முனையில் நின்றால் தலைமன்னார் சுமார் 30 கிலோமீற்றர்தான். அந்தப் பக்கத்தில் நின்று எங்கட நாட்டைப் பார்க்க வேண்டும் என்பதே எங்கட ஆசை.

சட்டப் புத்தகத்தைத் திறந்தால் வழி நல்லாத்தான் திறந்திருக்கிறது. 1949ஆம் ஆண்டின் ஜெனீவா வீதிப் போக்குவரத்து உடன்படிக்கையில் இலங்கையும் இருக்கிறது, இந்தியாவும் இருக்கிறது. அதன்படி எடுக்கும் சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரம் ஒரு வருடத்துக்குச் செல்லும். இரண்டு நாட்டிலும் வாகனம் இடப்பக்கம்தான் ஓடுகிறது. இந்தியாவுக்கு இணையத்திலேயே வீசா விண்ணப்பிக்கலாம். வீதிப் பலகை தமிழில் இருக்கும், வழி கேட்கவும் தமிழ் போதும். இதைவிட இலகுவான வெளிநாடு எங்களுக்கு இந்தப் பூமியில் இல்லை.

ஆனால் கணக்கை வரி வரியாக எழுதிப் பாருங்கள். சர்வதேச அனுமதிப்பத்திரம் தருவது கொழும்பில் இருக்கும் இலங்கை மோட்டார் வாகன சங்கம். குச்சவெளியிலிருந்து கொழும்பு கிட்டத்தட்ட 300 கிலோமீற்றர். ஒரு இரவு பஸ், ஒரு பகல் அலைச்சல், இன்னொரு இரவு பஸ். இதே நாட்டில், 2025 ஓகஸ்டில் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே வெளிநாட்டவருக்குத் தற்காலிக சாரதி அனுமதிப்பத்திரம் கொடுக்கக் கருமபீடம் திறந்தார்கள். வந்து இறங்கியவர் அலையக்கூடாது என்பது நல்ல எண்ணம்தான். போகப்போகிறவரும் அலையக்கூடாது என்ற எண்ணம் ஏன் யாருக்கும் வரவில்லை? 2024இல் பாஸ்போர்ட் புத்தகத் தட்டுப்பாடு வந்தபோது சனம் பத்தரமுல்லையில் இரவிரவாக வரிசையில் கிடந்ததை எல்லோரும் கண்டோம். அந்த வரிசையில் யாராவது சுற்றுலாப் போக நின்றிருப்பார்கள் என்று ஒருவரும் நினைக்கவில்லை. வேலைக்குப் போகிறவர்கள் என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டோம், நாங்கள் உட்பட.

கடலைக் கடந்த பிறகு அடுத்த வரி. இந்தியாவில் தானே ஓட்டும் வாடகைக் காருக்குக் கறுப்பு இலக்கத்தகட்டில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். வெள்ளைத் தகட்டுக் காரைக் குறைந்த விலைக்குத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் எடுக்காதீர்கள், அது சட்டப்படி வாடகை வண்டி இல்லை. சரியான தகடு உள்ள சில இடங்களுக்கு நாங்கள் எழுதிக் கேட்டோம். ஆதார் அட்டை இருக்கா என்று கேட்டார்கள். இல்லை என்றதும் பேச்சு முடிந்தது. ஒரு இடத்தில் மட்டும் பாஸ்போர்ட்டைப் பார்த்துத் தரலாம் என்றார்கள். அவர்கள் கேட்ட வைப்புப் பணத்தை இலங்கைக் காசுக்கு மாற்றிப் பார்த்தோம். 2025இல் மஹாபொல மாதம் 7,500 ரூபாவாக இருந்தது. எத்தனை மாத மஹாபொல என்று எண்ணத் தொடங்கி இடையில் விட்டுவிட்டோம். தங்கும் இடத்திலும் இதே கதை. வெளிநாட்டவர் தங்கினால் விடுதிக்காரர் 24 மணித்தியாலத்துக்குள் பொலிசுக்கு விபரம் பதிய வேண்டும். அந்த வேலைக்குப் பயந்து சின்ன லொட்ஜ்காரர் வெளிநாட்டவருக்கு அறையே இல்லை என்பார். தமிழில் கேட்டு, தமிழிலேயே இல்லை என்ற பதிலை வாங்கும்போதுதான் வெளிநாடு என்றால் என்ன என்று விளங்கும்.

சரி, எங்கட வண்டியையே கொண்டு போவோம் என்றால்? 2023 ஒக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஓகஸ்டில் திரும்பவும் ஓடத் தொடங்கிய நாகபட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் ஆளையும் பையையும் மட்டும்தான் ஏற்றும். வாகனம் ஏற்றாது. 1914இல் வெள்ளைக்காரன் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் கப்பல் விட்டு, இரண்டு பக்கமும் ரயிலோடு இணைத்து, மெட்ராஸிலிருந்து கொழும்புக்கு ஒரே டிக்கெட்டில் ஆட்களை அனுப்பினான். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன் பிறகு இராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலை எண்பதுகளில் போர் நிறுத்தியது. நூறு வருசத்துக்கு முந்தின மனிசனுக்கு இருந்த வசதியை எட்டிப் பிடிப்பதே எங்களுக்கு இன்றைக்கு முன்னேற்றம்.

இப்போது இன்னொரு பக்கத்தைப் பாருங்கள். இதே கடலை எங்கட சனம் எந்தத் திட்டமும் இல்லாமல் கடந்திருக்கிறது. 1983க்குப் பிறகு, 1990இல், 2006இல், திருகோணமலைக் கரையிலிருந்தும் மன்னாரிலிருந்தும் குடும்பம் குடும்பமாக இரவில் படகேறினார்கள். 2022இல் பால்மாவுக்கும் அரிசிக்கும் வழியில்லாமல் போனவர்கள் தனுஷ்கோடி மணல்திட்டில் இறக்கிவிடப்பட்டதைச் செய்தியில் பார்த்தோம். அவர்களுக்குக் கறுப்புத் தகடும் தேவைப்படவில்லை, அனுமதிப்பத்திரமும் தேவைப்படவில்லை. இன்றைக்கும் தமிழ்நாட்டு முகாம்களில் அரை இலட்சத்துக்கு மேற்பட்ட எங்கட ஆட்கள் இருக்கிறார்கள். 2021இல் அந்த முகாம்களின் பெயரை "மறுவாழ்வு முகாம்" என்று மாற்றினார்கள். பெயர் மாறினாலும், முகாமை விட்டு வெளியூரில் தங்குவதென்றால் அனுமதி கேட்க வேண்டும். எங்கட பயணத் திட்டத்தில் தனுஷ்கோடிக்கு முதல் வருகிற ஊர்களில் ஒன்று மண்டபம். அங்கேயும் ஒரு முகாம் இருக்கிறது. அகதியாக வந்தால் கதவு கொஞ்சம் திறக்கும், வேலையாளாக வந்தால் இன்னும் கொஞ்சம் திறக்கும், விருந்தாளியாக வந்தால் மட்டும் ஏன் இத்தனை சந்தேகம்?

தூர நாடுகளின் வீசாவில் இந்தச் சந்தேகத்துக்கு ஒரு பெயரே இருக்கிறது: திரும்பிப் போவாய் என்பதற்கு ஆதாரம் காட்டு. வங்கிக் கணக்கு, வேலைக் கடிதம், காணி உறுதி. இருபது வயசு மாணவரிடம் வேலைக் கடிதம் எங்கே? காணி உறுதியைப் பற்றிக் குச்சவெளியில் கேட்கவே வேண்டாம். இடம்பெயர்ந்தபோது தொலைந்த உறுதி, அனுமதிப்பத்திரம் மட்டும் உள்ள காணி, திரும்பி வந்து பார்த்தால் அரச திணைக்களத்தின் எல்லைக்கல் நிற்கும் வயல். எங்கட வேரை இங்கே ஒருவர் பிடுங்குவார், வேர் இருக்கிறதா காட்டு என்று அங்கே இன்னொருவர் கேட்பார்.

"பெற்றோலுக்கே வரிசையில் நின்ற நாட்டில் உல்லாசப் பயணமா?" என்று கேட்பவர்களுக்கு 2022ஐ ஞாபகப்படுத்துகிறோம். கியூஆர் முறை வந்தபோது ஓட்டோவுக்கு வாரம் 5 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர். அதே வருடத்தில் சுற்றுலாப் பயணிகளுக்கென்று தனி எரிபொருள் அட்டை கொண்டுவந்தார்கள். டொலர் தேவை, ஒத்துக்கொள்கிறோம். ஆனால் அசைவதற்கு உரிமை உள்ளவர், வரிசையில் நிற்பதற்கு உரிமை உள்ளவர் என்று மனிசரை இரண்டாகப் பிரிக்கலாம் என்பதை அன்றைக்கு நாங்கள் கண்ணால் கண்டோம். உல்லாசம் என்று நீங்கள் சொல்வதை மற்ற நாட்டுப் பிள்ளைகள் படிப்பின் ஒரு பகுதி என்கிறார்கள். கலைப்பீடத்தில் புவியியலும் வரலாறும் படிக்கும் எங்களுக்குத் தஞ்சாவூர் ஒரு படம், இராமேஸ்வரம் ஒரு பரீட்சைக் கேள்வி.

"சுற்றுலாக்காரர் வந்தால்தானே ஊருக்குக் காசு, நீங்கள் போய் என்ன செய்யப் போகிறீர்கள்?" என்ற இன்னொரு கேள்வியும் உண்டு. வருகிறவரைக் கவனிக்க மட்டும் பிறந்த சனம் என்று எங்களை நாங்களே நினைக்கத் தொடங்கியது எப்போது? குச்சவெளியை சுற்றுலா வலயம் என்று வரைபடத்தில் குறித்திருக்கிறார்கள். அந்த வரைபடத்தில் நாங்கள் அறை துடைப்பவர், மீன் பொரிப்பவர், படகு ஓட்டுபவர். பயணி என்ற இடத்தில் எங்களில் ஒருவரும் இல்லை. வேறு ஊரில் விருந்தாளியாக இருந்து பார்க்காதவருக்கு, தன் ஊரில் எதைக் காட்டுவது, எதை விற்கக்கூடாது என்று எப்படித் தெரியும்?

வெளியே மட்டும் குற்றம் சொல்லி நாங்கள் தப்பப் போவதில்லை. எங்கட வீடுகளும் ஒரு வீசா அலுவலகம் நடத்துகின்றன. எங்கட ஐந்து பேரில் இருவர் பெண்கள். கார் ஓட்ட லைசன்ஸ் வைத்திருப்பவர்களில் ஒருத்தியும் இருக்கிறாள். அவளுக்கு நாகபட்டினத்துக்கு அனுமதி வாங்குவதைவிட வாப்பாவிடம் திருகோணமலை ரவுனில் ஒரு இரவு தங்க அனுமதி வாங்குவது கஷ்டம். பெடியன் போனால் ஊர் பார்க்கப் போனான், பெட்டை போனால் ஊர் சிரிக்கப் போனாள். இந்தக் கருமபீடத்தையும் மூடாமல் மற்றதைப் பற்றிக் கதைக்க எங்களுக்கு வாயில்லை.

இறக்கக்கண்டியிலும் சலப்பையாற்றிலும் புடவைக்கட்டிலும் பாலம் வரமுதல் இந்த வீதியே ஒரு பயணத் திட்டம்தான். சோதனைச்சாவடி, அடையாள அட்டை, பாஸ், ஆறு கடக்கக் காத்திருப்பு. எங்கட உம்மாமாரும் அம்மாமாரும் ஆஸ்பத்திரிக்குப் போகவே அப்படித் திட்டம் போட்டவர்கள். பாலம் கேட்டவர்களையும் அன்றைக்கு யாரோ "இப்ப இது தேவையோ?" என்றுதான் கேட்டிருப்பார்கள்.

ஆகவே கேட்கிறோம். சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரத்தை மாவட்டச் செயலகத்தில் எடுக்க வழி செய்யுங்கள். கப்பலில் மாணவர் கட்டணம் வையுங்கள், மோட்டார் சைக்கிளாவது ஏற்றுங்கள். பாஸ்போர்ட்டைக் காட்டினால் கார் கிடைக்கும் என்று இரண்டு அரசும் பேசி எழுதுங்கள். பல்கலைக்கழகங்களே, தஞ்சாவூரைப் புத்தகத்தில் மட்டும் காட்டாதீர்கள்.

நண்பர்களே, உங்களுக்கும் ஒன்று. காசு இல்லாவிட்டாலும் திட்டத்தைப் போடுங்கள். வழியை எழுதுங்கள், கட்டணத்தைக் கேளுங்கள், எந்தக் கதவில் என்ன காரணம் சொல்லி மறித்தார்கள் என்று குறித்து வையுங்கள். பத்துப் பேர் எழுதினால் அது முறைப்பாடு, ஆயிரம் பேர் எழுதினால் அது கோரிக்கை. தமிழில் வீட்டைவிட்டு வெளிக்கிடும்போது "போறன்" என்று சொல்ல விடமாட்டார்கள், "போயிட்டு வாறன்" என்று சொல்லச் சொல்வார்கள். திரும்பி வருவோம் என்பதற்கு இதைவிடப் பழைய ஆதாரம் எங்களிடம் இல்லை.